அலமாரிக்கு ஏற்ற வகைப்பாடு எது? அழிந்துபோன இரட்டை ஓட்டுச் சிப்பிகளை அடுக்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

ராமநாதபுரம் கரையோரத்தில் விலங்கியல் கற்பிக்கும் கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் காட்சி அலமாரியின் மேல்தட்டுகளைச் சங்கும் சிப்பியுமே நிறைத்திருக்கும். மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து மாணவர்கள் ஆண்டுதோறும் கொண்டுவந்து சேர்ப்பவை அவை. கீழ்த்தட்டில் வேறொரு கூட்டம் கிடக்கும்: அரியலூர்ப் பக்கம் களப்பயணம் போனவர்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் ஓரத்திலிருந்து எடுத்துவந்த கற்சிப்பிகள். மேல்தட்டில் இருப்பவற்றுக்குப் பெயர்ச்சீட்டு உண்டு. கீழ்த்தட்டில் இருப்பவற்றுக்குப் பெரும்பாலும் கிடையாது, இருந்தாலும் ‘சிப்பி, புதைபடிவம்’ என்பதோடு நின்றுவிடும். இந்தக் கீழ்த்தட்டை ஒழுங்குசெய்ய முற்படும் ஆசிரியர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுவது என்பதைத்தான். இரட்டை ஓட்டுச் சிப்பிகளுக்கு வகைப்பாடுகள் பல இருப்பதால், ஒரே கற்சிப்பி ஒரு நூலில் ஒரு துணை வகுப்பிலும் (வகுப்புக்கு அடுத்த பெரும்பிரிவு) மற்றொரு நூலில் வேறொரு துணை வகுப்பிலும் நிற்கக் காணலாம்.

இங்கே கேள்வி அழிந்துபோன இனங்களைப் பற்றியதாகையால், நம் கரையிலேயே கிடைக்கும் பழைய சிப்பிகளை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். பாம்பன், ராமேசுவரம் பகுதியில் கடல்மட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கும் பவளப்பாறை சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முந்தையது என்று கரிமக் காலக்கணிப்பு காட்டியிருக்கிறது. அந்த வயது நமக்குப் பெரிதாகத் தோன்றினாலும், அதற்குள் பதிந்திருப்பவை இன்றும் மன்னார் வளைகுடாவில் வாழும் இனங்களே. அவற்றை வாழும் சிப்பிகளின் தட்டிலேயே வைத்துவிடலாம். சங்கு ஒற்றை ஓட்டு நத்தையினத்தைச் சேர்ந்தது. எனவே கீழக்கரையின் பெருமை எதுவாயினும் அது இக்கட்டுரைக்குள் வராது. அழிந்துபோன சிப்பிகள் நமக்குக் கிடைக்கும் இடம் காவிரிப் படுகையின், ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரெட்டேசியஸ் காலப் பாறைகள்தான். அப்படுகையின் தென்பகுதி ராமநாதபுரத்துக்கும் பாக் நீரிணைக்கும் அடியில் நீண்டு கிடக்கிறது என்றாலும், இங்கே ஆழத்தில் புதைந்திருக்கும் அக்காலப் படிவுகள் அரியலூர் போன்ற இடங்களில்தான் தரைக்கு வெளியே தெரிகின்றன.

அந்தப் பாறைகளின் சிப்பிகளை 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். பின்னர் ஹெச். எஃப். பிளான்ஃபோர்டு அந்நிலத்தை ஆய்வுசெய்து, பாறைகளை உத்தட்டூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று குழுக்களாகப் பிரித்தார். அவற்றின் இரட்டை ஓட்டுச் சிப்பிகளை முழுமையாக எழுதி 1871-இல் முடித்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. பழைய கல்லூரிகளின் பெயர்ச்சீட்டுகளில் காணப்படும் பெயர்களில் பல அவருடைய காலத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஆசிரியருக்குக் கிடைப்பது வெறும் கற்கள் மட்டுமல்ல. நூற்றைம்பது ஆண்டுப் பெயர்க் குழப்பமும் அதனுடன் சேர்ந்தே கிடைக்கிறது.

எந்த வகைப்பாடானாலும் அதை மூன்று கேள்விகளால் சோதிப்பது பொருந்தும் என்று கருதுகிறேன். ஒரு கைலென்ஸ், ஒரு ஊசி, ஒரு தூரிகை ஆகியவற்றைக் கொண்டு கல்லில் பார்க்கக்கூடிய அடையாளங்களை அது கேட்கிறதா? அழிந்துபோன சிப்பியை, மாணவர் கையில் இருக்கும் வாழும் சிப்பியோடு இணைத்துக் காட்டுகிறதா? இன்று எழுதும் பெயர்ச்சீட்டு பத்தாண்டு கழித்தும் செல்லுபடியாகுமா? மூன்றில் இரண்டாவதற்கே நம் கரையில் மிகுதியான எடை தர வேண்டும். முத்துச்சிப்பியையும் ஆளியையும் (ஆய்ஸ்டர்) மட்டியையும் உயிரோடு பார்க்க முடிகிற பிள்ளைகளுக்கு, உறவு தெரியாத கல் வெறும் கல்லாகவே நின்றுவிடும்.

செவுள்களின் அமைப்பைக் கொண்டு பிரிக்கும் முறையைப் பெல்ஜியத்தின் பால் பெல்செனீர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வளர்த்தெடுத்தார். வாழும் சிப்பிகளுக்கு அது இன்றும் பொருளுடையது. ஆனால் கல்லில் செவுள் இராது. மரபணு வரிசைகளை ஒப்பிடும் முறைக்கும் இதே தடைதான்: ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓட்டிலிருந்து மரபணு எடுக்க இயலாது. இவ்விரண்டும் வாழும் கிளைகளின் உறவை நிறுவ உதவுகின்றனவே தவிர, கல்லை நேரடியாக அடையாளம் காணப் பயன்படா. அதுபோலவே மணலில் புதைபவை, நாரால் பற்றிக்கொள்பவை, பாறையில் ஒட்டிக்கொள்பவை என வாழ்முறையால் பிரிப்பது வகுப்பறையில் ஒரு பாடத்துக்கு நன்றாக இருக்கும்; உறவற்றவை அங்கே ஒரே பெட்டியில் கூடிவிடுவதால் அதை வகைப்பாடு என்று சொல்ல இயலாது.

மிஞ்சுபவை மூன்று. அவற்றில் பழையது, இரு ஓடுகளும் சேரும் கீலில் உள்ள பற்களை அடிப்படையாகக் கொண்டது. வியன்னாவில் பேராசிரியராக இருந்த மெல்கியோர் நியூமையர் 1880-களில் முன்வைத்த இம்முறை, பாடநூல்களின் வழியாக நம் ஊர்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. ஒரே மாதிரியான சிறு பற்கள் வரிசையாக நிற்பவை ஒரு பிரிவு. நடுப்பற்களும் பக்கப்பற்களும் வெவ்வேறு வடிவில் அமைந்தவை மற்றொரு பிரிவு. பற்கள் தேய்ந்தோ அற்றோ போனவை இன்னொரு பிரிவு. இதன் கவர்ச்சி எளிமையிலும், பல் என்பது ஓட்டின் பகுதியாகையால் கல்லிலும் எஞ்சும் என்ற நம்பிக்கையிலும் இருக்கிறது. ஒரு மட்டியைத் திறந்து கீலைக் காட்டினால் ஆறாம் வகுப்பு மாணவருக்கும் புரியும்.

அந்த நம்பிக்கை அரியலூர்க் கற்களின் முன் பாதியளவே நிற்கிறது. பெரும்பாலான சிப்பிகளில் கீல்பகுதி அரகோனைட் என்னும் கனிமத்தால் ஆனது. அது நிலத்தடி நீரில் எளிதில் கரைந்துபோகும். கால்சைட்டால் ஆன ஆளிகளும் விசிறிச் சிப்பிகளும் ஓடு சிதையாமல் நிலைக்க, மற்றவை பலவும் ஓடு கரைந்து, உள்ளே நிறைந்த சேறு இறுகிய அச்சாகவே வந்து சேர்கின்றன. ஓடு எஞ்சிய இடத்திலும் இரண்டும் மூடிய நிலையில் கல்லோடு கல்லாக இருந்தால் பல்லைப் பார்க்க வழியில்லை. இதைவிடப் பெரிய குறை அதன் உள்ளேயே இருக்கிறது. வரிசைப் பற்கள் கொண்ட நியூக்குலா, அனதாரா என்னும் இரு கடற்சிப்பிகளையும் இம்முறை ஒரே பிரிவில் சேர்த்தது. பாக் நீரிணையின் சேற்றுத் தரையில் கிடைக்கும் வரியோடிய அனதாராவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த முடிவு இயல்பாகவே தோன்றும். ஆனால் செவுளும் ஓட்டின் நுண்ணமைப்பும் பின்னர் மரபணுவும் அதை மறுத்தன: அனதாரா, முத்துச்சிப்பியும் ஆளியும் சேர்ந்த பெருங்கிளையைச் சேர்ந்தது, நியூக்குலா மிகப் பழைமையான வேறொரு கிளை. பல்வரிசை இரண்டிலும் தனித்தனியே தோன்றியது. நம் கரையின் பொதுவான ஒரு சிப்பியிலேயே தவறிவிடுகிற முறையை அலமாரிக்கு அடித்தளமாக்க முடியாது. அடையாளம் காணும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நார்மன் நியூவெல் 1965-இல் வெளியிட்டு, 1969-இல் ‘ட்ரீட்டிஸ்’ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் தொல்லுயிரியல் பெருந்தொகுப்பின் ‘என்’ பகுதியில் இடம்பெற்றது. பல், தசைத்தழும்பு, இணைப்பு நார், ஓட்டின் அமைப்பு, கால வரிசை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்து ஆறு துணை வகுப்புகளை அது நிறுவியது: பேலியோடாக்சோடான்டா, கிரிப்டோடான்டா, டெரியோமார்ஃபியா, பேலியோஹெட்டரோடான்டா, ஹெட்டரோடான்டா, அனோமலோடெஸ்மேட்டா. ஆளிகளுக்கு மட்டும் தனிப் பகுதி 1971-இல் வந்தது. இத்தொகுப்பின் உண்மையான பயன் இந்த ஆறு பெயர்களில் இல்லை. அழிந்தவை உட்படப் பேரினம் பேரினமாக விளக்கமும் படமும் தந்திருப்பதே அதன் பயன். கையில் கல்லை வைத்துக்கொண்டு பக்கம் புரட்டி ஒப்பிட இதற்கு இணையான இன்னொன்று இன்னும் வரவில்லை.

ஆயினும் மேல்மட்டத்தில் அது நிலைக்கவில்லை. 1969-இல் இரட்டை ஓட்டுச் சிப்பிகளுக்குள் ஐயத்துடன் வைக்கப்பட்டிருந்த கோனோகார்டியம் என்னும் பழைய இனத்துக்குக் கீலே இல்லை என்பதைக் காட்டி, 1972-இல் நியூவெல் உள்ளிட்ட நால்வர் அதை ரோஸ்ட்ரோகான்கியா என்னும் தனி வகுப்புக்கே மாற்றினார்கள். மூன்றே ஆண்டில் வகுப்பே மாறியது. கிரிப்டோடான்டா பின்னர் கலைந்துபோயிற்று. அதில் இருந்த சொலமையா என்னும் சிப்பியின் கூட்டம் நியூக்குலாவின் கிளைக்குப் போய்ச் சேர்ந்தது. அனோமலோடெஸ்மேட்டா, ஹெட்டரோடான்டாவுக்குள் ஒரு கிளையாக இறங்கியது. 1969-இன் துணை வகுப்புகளை அப்படியே எழுதி ஒட்டினால், ஆறில் இரண்டு பெயர்ச்சீட்டு இன்றே காலாவதி.

மூன்றாவது, 2010-இல் ரூடிகர் பீலர், ஜோசப் கார்ட்டர், யூஜின் கோன் ஆகியோர் வெளியிட்ட குடும்பப் பட்டியலும், அதைத் தொடர்ந்து 2011-இல் கார்ட்டரும் பிறரும் சேர்ந்து தந்த விரிவான அடுக்கும். வாழும் குடும்பங்களையும் அழிந்த குடும்பங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தியது முதலாவதின் சிறப்பு. இரண்டாவது, கிளைவழி உறவுகளை ஒவ்வொரு கணுவிலும் பெயரிட்டுக் காட்ட விரும்பி, குடும்பத்துக்கும் வகுப்புக்கும் இடையே பெருவரிசை, கீழ்வரிசை, கூட்டம் எனப் பல படிநிலைகளைப் புகுத்தியது. ஆய்வாளருக்கு அது தேவையாக இருக்கலாம். ஒரு கல்லூரி அலமாரியின் சீட்டில் பத்துப் படிநிலைகளை எழுதினால், சிப்பியை விடச் சீட்டு பெரிதாகிவிடும். படிநிலையே இல்லாமல் கிளைவரைபடம் மட்டும் போதும் என்பாரும் உண்டு. சுவரில் ஒட்ட அது சரி, தட்டில் அடுக்க உதவாது.

பொதுவாக ஒப்பிடுவதைவிட, கையில் இருக்கக்கூடிய கற்களைக் கொண்டு ஒப்பிடுவதே முடிவுக்கு உதவும்.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் மிகுதியாகக் கிடைக்கும் கனத்த, கிண்ணம் போல் வளைந்த ஆளியைப் பழைய சீட்டுகள் கிரைஃபியா என்றே சொல்லும். இன்று அதன் பெயர் பிக்னோடான்டி வெசிகுலாரிஸ். பல்முறையில் இதற்குப் பல் இல்லை என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பாறையில் ஒட்டியிருக்கும் நம் கல் ஆளியும் அதே பெட்டியில் விழும். 1971-இன் ஆளிப் பகுதி இரண்டையும் தெளிவாகப் பிரித்தது: கிரைஃபியிடே குடும்பத்தில் மூடுதசையின் தழும்பு ஏறக்குறைய வட்டமாக, கீலுக்குச் சற்றே அருகில் இருக்கும், ஆஸ்ட்ரெயிடே குடும்பத்தில் அது சிறுநீரக வடிவில் இருக்கும். பிக்னோடான்டியின் ஓட்டை உடைந்த விளிம்பில் லென்ஸால் பார்த்தால் நுண்ணிய குமிழ் அறைகள் நெருங்கி நிற்பதும் தெரியும். 2010-இன் பட்டியல் இந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. ஆக, குடும்பமட்டத்தில் 1969–71-ம் 2010-ம் முரண்படவில்லை. இதே குடும்பத்தின் வாழும் உறவான ஹையோட்டிஸா இந்தியப் பெருங்கடலில் இன்றும் இருக்கிறது என்பதையும் சீட்டில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

இனோசெரமஸ் என்னும் அழிந்த சிப்பி அவ்வளவு எளிதில் அடங்காது. 1814-இல் ஜேம்ஸ் சவர்பி பெயரிட்ட இப்பேரினத்தின் உறவுகளில் சில ஒரு மீட்டருக்கும் மேல் வளர்ந்தன. கிரெட்டேசியஸ் முடிவுக்கு முன்னரே ஏறக்குறைய எல்லாம் அழிந்தன. உடைந்த துண்டின் விளிம்பில் கால்சைட் ஊசிகள் ஓட்டின் பரப்புக்குச் செங்குத்தாக, அடுக்கிவைத்த தீக்குச்சிகளைப் போல நிற்கும். உட்பக்கத்தில் இருந்த முத்துப்பளபளப்பு அடுக்கு பெரும்பாலும் கரைந்திருக்கும். இதே ஈரடுக்கு நம் முத்துச்சிப்பியிலும், கடல்தரையில் கூர்முனை கீழாகக் குத்தி நிற்கும் பின்னாச் சிப்பியிலும் உண்டு. அந்த ஒற்றுமையாலும் கீலோரம் வரிசையாக உள்ள இணைப்பு நார்க் குழிகளாலும் 1969-இன் தொகுப்பும் பின்வந்த பெரும்பாலோரும் இனோசெரமஸை, முத்துச்சிப்பியும் ஆளியும் சேர்ந்த டெரியோமார்ஃபியாவில் வைத்தார்கள். 1998-இல் ஜான்ஸ்டன், கோலம் ஆகிய இருவர் இதை மறுத்து, அது கிரிப்டோடான்டாவைச் சேர்ந்தது என்று வாதிட்டார்கள். அந்த வாதம் பரவலாக ஏற்கப்படவில்லை என்றாலும், அழிந்துபோன ஒரு குடும்பத்தின் இடம் வாழும் உறவின் சாட்சியம் இல்லாமல் எவ்வளவு தளர்வாக நிற்கிறது என்பதற்கு அது தக்க சான்று. இதற்கு நான் பரிந்துரைப்பது, இனோசெராமிடே என்ற குடும்பப் பெயரை உறுதியாகவும், டெரியோமார்ஃபியா என்பதைக் கேள்விக்குறியுடனும் எழுதி, அருகில் ஒரு முத்துச்சிப்பி ஓட்டை உடைந்த விளிம்பு தெரியும்படி வைப்பதாகும். அந்த ஓட்டைத் தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட தீவுகளிலிருந்து எடுக்கக் கூடாது என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

டிரைகோனியாவில் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் வியப்பான உடன்பாடு இருக்கிறது. முக்கோண வடிவும் தடித்த புடைப்புகளும் கொண்ட இதை ஐரோப்பியர் முற்றிலும் அழிந்த இனம் என்றே எண்ணியிருக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்கையியலாளர் பெரோன் ஆஸ்திரேலியப் பக்கத்துக் கடலில் அதன் வாழும் உறவைக் கண்டெடுத்தார். 1804-இல் லாமார்க் அதை விவரித்தார். இன்று அது நியோடிரைகோனியா எனப்படுகிறது. நியூமையர் 1889-இல், நன்னீர்ச் சிப்பிகள் டிரைகோனியாவின் வழிவந்தவை என்று பற்களைக் கொண்டு வாதிட்டார். நேர்வழித் தோன்றல் என்ற பகுதியை விட்டுவிட்டால், அவர் கண்ட உறவைப் பிற்காலத்து மரபணு ஆய்வும் உறுதிசெய்தது. 1969-உம் 2010-உம் இரண்டையும் பேலியோஹெட்டரோடான்டா என்னும் ஒரே கிளையில் வைக்கின்றன. இதன்படி, அரியலூரின் டிரைகோனியாவுக்கு ராமநாதபுரத்தில் கிடைக்கும் நெருங்கிய உறவு மன்னார் வளைகுடாவில் இல்லை. வற்றிய கண்மாய்ச் சேற்றில் கிடக்கும் லாமெலிடென்ஸ் சிப்பிதான் அது. அலமாரியில் கடற்சிப்பிகளை ஒருபுறமும் நன்னீர்ச் சிப்பிகளை மறுபுறமும் பிரித்து வைக்கும் நம் வழக்கம் இந்த ஓர் இடத்திலாவது உடைய வேண்டும். வாழிடத்தால் அடுக்கியிருந்தால் இந்த உறவு ஒருபோதும் கண்ணில் படாது.

நிலவியல் பயிற்சிப் பெட்டிகளோடு வரும் ஹிப்யூரைட்டிஸ் மாதிரிக்கு வாழும் உறவு எதையும் அருகில் வைக்க இயலாது. ஓர் ஓடு கூம்பாக நிலத்தில் ஊன்றி நிற்க, மற்றது மூடியாக அமைந்த, ஹிப்யூரைட்டிஸ் உள்ளிட்ட ரூடிஸ்டுகள் கிரெட்டேசியஸ் முடிவில் அடியோடு மறைந்தன. தடித்த பற்களை வைத்து அவற்றை ஹெட்டரோடான்டாவில் தனி வரிசையாக வைப்பதே 1969 முதல் இன்றுவரை வழக்கம், அதையே பின்பற்றலாம்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது: பேரினமும் குடும்பமும் ஏறக்குறைய நிலைத்திருக்கின்றன, ஆட்டம் எல்லாம் அவற்றுக்கு மேலேதான். இதற்குக் காரணம் ஆய்வின் நிலை மட்டுமல்ல. விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதிகள் சிற்றினம், பேரினம், குடும்பம், பெருங்குடும்பம் வரை மட்டுமே செல்லும். வரிசை, வகுப்புப் பெயர்களுக்கு அந்த விதிகளின் கட்டுப்பாடு இல்லை. எனவே ஒருவர் வகுத்த துணை வகுப்பை இன்னொருவர் ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆகவே அலமாரியின் அடுக்குக்கு 2010-இன் குடும்பப் பட்டியலையே தேர்ந்தெடுக்கலாம். வாழ்வனவும் அழிந்தனவும் ஒரே தட்டில் சேர்வது அதில் மட்டுமே இயல்பாக நடக்கிறது. குடும்பத்துக்கு மேலே நான்கே பெரும்பிரிவுகள் போதும்: புரோட்டோபிராங்கியா (நியூக்குலாவும் சொலமையாவும் சேர்ந்த கிளை), டெரியோமார்ஃபியா, பேலியோஹெட்டரோடான்டா, ஹெட்டரோடான்டா. 2011-இன் நுண்ணிய படிநிலைகளைச் சீட்டில் எழுத வேண்டியதில்லை. கல்லை அடையாளம் காண 1969–71 தொகுப்பையே கைநூலாகக் கொள்ளலாம். அதற்குள் பல்முறை தானே அடங்கிவிடும். ஆய்வு மாணவர்களும் மின்னணு நுண்ணோக்கியும் உள்ள பல்கலைக்கழகத் துறையானால் என் முடிவு வேறாக இருக்கும்: அங்கே 2011-இன் அடுக்கை முழுமையாகப் பின்பற்றி, ஓட்டின் நுண்ணமைப்பைச் சீவல்களில் சோதிப்பதுதான் முறை.

எந்த முறையைத் தேர்ந்தாலும், முதல் நாளே செய்ய வேண்டிய பிரிப்பு ஒன்று உண்டு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் பிராக்கியோபாடு என்னும் வேறு தொகுதியின் ஓடுகளும் சிப்பி போலவே கிடைக்கும். சமச்சீர்க் கோடு இரு ஓடுகளுக்கும் நடுவே சென்றால் சிப்பி, ஒவ்வோர் ஓட்டின் நடுவிலும் ஓடினால் பிராக்கியோபாடு என்பது பொது விதி. ஆளிகள் இந்த விதிக்குப் பணியா என்பதால், ஆளிகளை முதலில் எடுத்துவிட்டு மற்றவற்றுக்கு அதைப் பயன்படுத்த வேண்டும்.

பழைய சீட்டு ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதைக் கிழிக்கக் கூடாது. புதிய சீட்டை அதன் மேல் ஒட்டாமல், இரண்டும் தெரியும்படி பக்கத்தில் வைக்க வேண்டும். ‘டிரைகோனியா’ என்று எழுதியிருந்த பலவும் இன்று வெவ்வேறு பேரினங்களாகப் பிரிந்திருப்பதால், பழைய பெயரே ஸ்டோலிச்காவின் விளக்கத்துக்குத் திரும்பிச் செல்லும் ஒரே வழியாகப் பல நேரங்களில் அமையும். கிடைத்த ஊர், பாறைக் குழு, எடுத்த ஆண்டு ஆகியவை எந்த வகைப்பாட்டையும் விட முக்கியமானவை. அவற்றை முதல் வரியில் எழுதலாம். கீலும் தழும்பும் தெரியாத உள்ளச்சுகளை வலிந்து ஒரு குடும்பத்தில் சேர்ப்பதைவிட, ‘இரட்டை ஓட்டுச் சிப்பி, உள்ளச்சு, குடும்பம் தெரியவில்லை’ என்று எழுதித் தனிப்பெட்டியில் வைப்பது நல்லது. பல்லைப் பார்க்கும் ஆசையில் அமிலத்தில் இடுவதோ உளியால் நெம்புவதோ வேண்டாம்: கல்லைக் கரைக்கும் அமிலம் ஓட்டையும் சேர்த்தே கரைத்துவிடும்.